வயலினின் எடையை யார் தாங்குவது?

முழு அளவு வயலின் ஒன்றின் எடை அரைக் கிலோவை ஒட்டியே இருக்கும். அதன் உடற்பகுதியின் நீளம் சுமார் 35.5 சென்டிமீட்டர், கழுத்தையும் சுருள் தலையையும் சேர்த்தால் 60 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கையில் எடுத்தால் கனமே தெரியாது. அதையே உடம்பின் இடப்பக்கம் நீட்டிப் பிடித்து ஒரு மணி நேரம் வாசித்தால், கழுத்தும் தோளும் முதுகும் ஒவ்வொன்றாகக் கணக்குக் கேட்கத் தொடங்கும். வயலின் கற்பவர்களில் பலர் முதல் ஆண்டிலேயே வலியைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் எடை அல்ல. அந்த எடை எந்த இடத்தில் இறங்குகிறது என்பதே.

வயலினின் வடிவம் ஒலிக்காக முடிவானது. 16ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், கிரெமோனா நகரின் ஆந்திரேயா அமாட்டி போன்றோரின் பட்டறைகளில் உருவான அந்த உருவம், ஸ்ட்ராடிவாரியின் கையில் முதிர்ந்து, அதன் பிறகு அளவில் பெரிதாக மாறவில்லை. வாசிப்பவர்களின் கழுத்து நீளம், தோளின் சரிவு, கை நீளம், விரல் பருமன் ஆகியவையோ ஆளுக்கு ஆள் வேறு. நாற்காலியில் அமரும் பியானோக்காரர் இருக்கையை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். வயலின் உடம்பின் மீதே அமர்வதால், எலும்புக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சரிக்கட்டியாக வேண்டியிருக்கிறது.

இதில் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: இடது கைக்கு விடுதலை உண்டா? ஸ்வரங்களை உருவாக்குவது அந்தக் கை. வயலினைத் தாங்கும் பொறுப்பும் அதன் தலையிலேயே விழுந்தால், கட்டைவிரல் இறுகும். கட்டைவிரல் இறுகினால் மற்ற நான்கு விரல்களும் இறுகும். பிறகு வேகமும் வராது, சுருதியும் நிற்காது. வயலின் பிடிக்கும் முறைகள் எல்லாமே, தாங்கும் வேலையை இடது கையிடமிருந்து வேறு ஓர் உறுப்புக்கு மாற்றும் முயற்சிகள்தான். ஐரோப்பா அதைத் தாடையிடம் கொடுத்தது. கர்நாடக இசைக்காரர்கள் பாதத்திடம் கொடுத்தார்கள்.

ஐரோப்பாவிலும் தாடைக்கு அந்த வேலை உடனே வந்துவிடவில்லை. 1751இல் லண்டனில் வெளியான ஜெமினியானியின் வயலின் பாடநூல், கருவியைக் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே வைக்கச் சொல்கிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து வந்த லியோபோல்ட் மோட்சார்ட்டின் நூல், மார்பின் மேற்பகுதியில் சாய்த்து வைப்பது, கழுத்தோடு சேர்த்துத் தாடைக்கு அடியில் வைப்பது என இரண்டு வழிகளைக் கூறி, இரண்டாவதையே சிறந்ததாகக் கொள்கிறது. அந்நாளில் கை பெரும்பாலும் வயலின் கழுத்தின் மேல் முனையை ஒட்டியே இயங்கியதால், நெஞ்சில் சாய்த்த வயலினே போதுமானதாக இருந்தது.

கை விரல் பலகையில் மேலும் கீழுமாக ஓடத் தொடங்கியதும் சிக்கல் வந்தது. கை உடம்பை நோக்கி ஏறும்போது வயலின் வாசிப்பவரின் கழுத்தின் மீது அழுந்துமே தவிர நழுவாது. உச்ச ஸ்வரத்திலிருந்து கை சுருள் தலையை நோக்கி இறங்கும்போதுதான் வயலினையும் தன்னோடு வெளியே இழுத்துவிடும். அந்த ஒரு கணம் யாராவது அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஜெர்மன் வயலின் மேதை லூயி ஸ்போர் சுமார் 1820இல் அறிமுகப்படுத்திய சின் ரெஸ்ட் என்ற சிறு மரத்தட்டு இந்த இடத்தில்தான் பயன்பட்டது. அவர் அதை வயலினின் நடுவே, தந்திகளைக் கட்டும் டெயில்பீஸின் மேல் பொருத்தினார். இன்று கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இடப்பக்கம் அமைபவை. நடுவில் அமைபவையும் உண்டு. எது சரி என்று பொதுவாகச் சொல்ல முடியாது. முகத்தை அதிகம் திருப்பாமல் நேராக வைத்துக்கொள்பவருக்கும் கை குட்டையானவருக்கும் நடுத்தட்டு ஒத்துவரும். கை நீளமானவருக்கு இடத்தட்டு வசதி.

சின் ரெஸ்டைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் தட்டின் வடிவத்தை மட்டும் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியம் உயரம். முதுகை நிமிர்த்தி, கண்ணை நேரே வைத்து, தோளைத் தூக்காமல் நின்றால், தாடைக்கும் காறை எலும்புக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். அதில் வயலினின் விளிம்புப் பருமன் ஏறக்குறைய 4 சென்டிமீட்டரை எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருப்பதை நிரப்ப வேண்டியது மேலே சின் ரெஸ்ட், கீழே வயலினுக்கும் தோளுக்கும் இடையே பொருத்தும் ஷோல்டர் ரெஸ்ட். தலையை லேசாகத் தாழ்த்தினால் தாடை தட்டில் உட்கார வேண்டும். அதற்கு முன்பே முட்டினால் உயரம் அதிகம், கழுத்தை வளைத்துத் தேட வேண்டியிருந்தால் குறைவு. தாடை அழுத்தவே தேவையில்லை. மனிதத் தலையின் எடை 4.5 முதல் 5 கிலோ. அந்தத் தலை சும்மா ஓய்வெடுத்தாலே அரைக் கிலோ வயலின் அசையாது.

கழுத்து நீளமானவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, ஷோல்டர் ரெஸ்டை ஏற்றிக்கொண்டே போவது. இடைவெளி அடைபடுவது உண்மைதான். ஆனால் வயலினே மேலே ஏறிவிடுகிறது. அதைத் தேடி இடது கையும், வில் பிடித்த வலது கையும் சேர்ந்து உயர வேண்டியிருக்கிறது. கீழே ஏற்றுவதற்குப் பதில் சின் ரெஸ்டை உயரமாக்கினால், வயலின் காறை எலும்பின் மீதே தாழ்ந்து உட்காரும், இரண்டு கைகளும் இயல்பான உயரத்தில் இயங்கும். வாசிப்பவர்கள் மாதக்கணக்கில் ஷோல்டர் ரெஸ்டின் திருகுகளைத் திருகிப் பார்த்துச் சலித்துப்போவதற்கு, கழற்றி மாற்றக்கூடிய அந்தச் சிறிய மேல் தட்டு கவனத்துக்கே வராமல் போவதுதான் காரணம்.

ஷோல்டர் ரெஸ்ட் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை மேற்கத்திய வயலின் உலகில் ஓய்ந்தபாடில்லை. ஹைஃபெட்ஸும் மில்ஸ்டைனும் அது இல்லாமலே வாசித்தார்கள். ஆன்-சோஃபி முட்டர் இன்றும் வெறும் தோளில் வைத்து வாசிக்கிறார். இந்தப் பெயர்களைச் சொல்லி மாணவரை மிரட்டும் ஆசிரியர்கள் உண்டு. தோள் உயர்ந்து கழுத்துக் குட்டையாக உள்ளவருக்கு வயலின் தானாகவே பொருந்திவிடும். சரிந்த தோளும் நீண்ட கழுத்தும் உள்ளவர் அதைப் பின்பற்றினால் இடது தோளைத் தூக்கி முட்டுக் கொடுக்கத்தான் முடியும். தோளைத் தூக்கியபடி ஒரு மணி நேரம் இருப்பது வயலின் இல்லாமலேயே வலிக்கும் காரியம். ஷோல்டர் ரெஸ்டுக்கு மாற்றாக மடித்த துணியோ ஸ்பாஞ்சோ போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். உடம்பு ஏற்றுக்கொண்டால் அதுவும் சரியே.

வயலின் சென்னைக்கு வந்து கர்நாடக இசையில் நுழைந்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) ஐரோப்பிய வாசிப்பாளர் ஒருவரிடம் கற்று அதைக் கொண்டுவந்தார் என்பது மரபு. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதை அரண்மனைக் கச்சேரிகளில் நிலைநாட்டினார். 1834இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். அந்தத் தலைமுறையின் காலத்தில் சின் ரெஸ்ட் ஐரோப்பாவிலேயே புதிது. தாடையால் இறுகப் பிடிக்கும் பழக்கம் அங்கும் முழுதாக வேரூன்றாத நேரத்தில், சம்மணமிட்டு அமரும் ஒரு மேடைக்கு அந்தக் கருவி வந்து சேர்ந்தது. அதற்கு அமைந்த தீர்வில் ஒரு திருகாணிகூடக் கிடையாது.

கர்நாடக முறையில் வாசிப்பவர் தரையில் அமர்ந்து, இடது காலை மடக்கி, வலது காலைச் சற்று முன்னே தள்ளி வைக்கிறார். சுருள் தலை வலது கணுக்காலின் மீதோ அதை ஒட்டிப் பாதத்தின் மீதோ அமர்கிறது. மறுமுனை இடது காறை எலும்புப் பகுதியில், மார்பின் மேல்புறத்தில் சாய்கிறது. இரண்டு முனையும் அடைபட்டுவிட்டதால் கை எந்தத் திசையில் இழுத்தாலும் வயலின் போக இடமில்லை: ஏறும் கையை மார்பு தடுக்கிறது, இறங்கும் கையைப் பாதம் தடுக்கிறது. ஸ்போர் மரத்தட்டு வைத்துத் தடுக்க முயன்ற அதே இறங்கு இழுப்பு, இங்கே காலில் போய் முடிந்துவிடுகிறது. தாடைக்கு வேலையே இல்லை. கட்டைவிரல் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

கர்நாடக இசைக்கு இது வெறும் வசதி அல்ல, தேவை. ஒரே தந்தியில் பல ஸ்வரங்களைக் கடந்து வழுக்கிச் செல்லும் ஜாரு, ஒரு ஸ்வரத்தைச் சுற்றி அகலமாக அசையும் கமகம், இரண்டும் கையை முன்னும் பின்னும் ஓயாமல் இழுக்கின்றன. தோடியில் ஒரு காந்தாரத்தை வாசிப்பதற்கே கை அத்தனை அசைய வேண்டும். விரல் தடையின்றி வழுக்க விரல் நுனியில் துளி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. சிலர் முகப்பவுடர் போட்டுக்கொள்வார்கள். எல். சுப்ரமணியம் போன்றோர் மேற்கத்திய இசைக்குழுக்களோடு மேடையேறும்போதும் தரையில் அமர்ந்தே வாசிப்பது பழக்கத்தால் மட்டும் அல்ல.

இந்த முறைக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். பலர் அதைப் பார்ப்பதில்லை. மார்புக்கும் பாதத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை வயலினின் நீளம் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. அந்த 60 சென்டிமீட்டர் நீளாது, குறையாது. பாதத்தை மிகவும் முன்னே தள்ளினால் வயலினைத் தேடி உடம்பு குனியும். கச்சேரி முடிவதற்குள் இடுப்புக்கு மேலே முதுகு பிடித்துக்கொள்ளும். பாதத்தை உள்ளே இழுத்துக்கொண்டால் வயலின் செங்குத்தாக நிற்கத் தொடங்கி, இடது மணிக்கட்டு உள்பக்கம் மடங்கும். முதுகு நிமிர்ந்திருக்கும்போது சுருள் தலை தானாக எங்கே இறங்குகிறதோ, பாதம் அங்கே வர வேண்டும். வயலினைத் தேடி உடம்பு போகக் கூடாது.

உடல் நீளமானவர்களுக்கு, நிமிர்ந்து உட்கார்ந்தால் வயலின் கணுக்காலை எட்டுவதே சிரமம். கணுக்காலுக்கு அடியில் துண்டை மடித்து வைத்து உயர்த்தினால் தீர்ந்துவிடும். இடுப்பை நிமிர்த்தி வைக்க முடியாதவர்கள் நான்காக மடித்த போர்வையின் மேல் அமரலாம். இடுப்பு உயர்ந்தால் முழங்கால்கள் தாழும், முதுகெலும்பு எளிதாக நிமிரும். ஆனால் அப்போது மார்பும் சேர்ந்து உயர்வதால் பாதத்துக்கும் சிறு அணை வேண்டியிருக்கும். ஷோல்டர் ரெஸ்டை ஏற்றினால் எல்லாமே ஏறும் என்ற கணக்குதான் இங்கேயும். சுருள் தலை கணுக்கால் எலும்பில் நேராக அழுத்தி வலித்தால் ஒரு வெல்வெட் துணியோ கைக்குட்டையோ இடையில் போட்டுக்கொள்ளலாம். சில்க் வேட்டியும் பட்டுப்புடவையும் வழுக்கும் என்பதும் மேடை ஏறியபின் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அல்ல.

வலது முழங்கால் இன்னொரு தொல்லை. அது உயர்ந்து நின்றால் மேல் ஸ்தாயித் தந்தியில் வில் ஓடும்போது தொடையில் இடிக்கும், அல்லது இடிக்காதிருக்க வாசிப்பவர் வயலினைச் சாய்ப்பார். இரண்டும் வேண்டாம், முழங்காலைத் தரையை நோக்கித் தளர்த்திவிட வேண்டும். நாற்காலியில் அமர்ந்து மேற்கத்திய முறையில் வாசிப்பவருக்கும் இதே தொல்லை உண்டு. இசைக்குழுக்களில் வலது காலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து உட்காருவது இதனால்தான்.

குழந்தைகளுக்கு வாங்கும்போது அளவில்தான் கோளாறு தொடங்குகிறது. வயலின் 1/16, 1/8, 1/4, 1/2, 3/4, முழு அளவு என்று வரிசையாகக் கிடைக்கிறது. 3/4 வயலினின் உடல் சுமார் 33.5 சென்டிமீட்டர், 1/2 சுமார் 31. மேற்கத்திய பிடியில் அளவு பார்க்கும் வழி எளிது: வயலினைத் தோளில் வைத்து இடது கையை நீட்டினால் சுருள் தலை உள்ளங்கையில் நிம்மதியாக அடங்க வேண்டும், முழங்கை சற்று மடங்கியிருக்க வேண்டும். முழங்கை விறைத்து விரல் நுனிதான் எட்டுகிறது என்றால் வயலின் பெரிது. கர்நாடக பிடியில் கையோடு சேர்த்துக் காலையும் பார்க்க வேண்டும். பெரிய வயலினைத் தாங்கும் குழந்தையின் பாதம் வெகு தூரம் நீளும், முதுகு வளையும். பள்ளிச் சீருடையைப்போல “இரண்டு வருஷம் தாங்கட்டும்” என்று ஓர் அளவு பெரிதாக வாங்கும் பெற்றோர், அந்த இரண்டு வருடமும் குழந்தையின் சுண்டுவிரல் எட்டாமல் தவிப்பதைப் பார்ப்பதில்லை. கோணிய பிடி ஒருமுறை பழகிவிட்டால், வயலின் சரியான அளவுக்கு வந்த பிறகும் மாறாது. சின்ன வயலினின் ஒலி மெலிதாக இருக்கும் என்பது உண்மை; இரு அளவுகளுக்கு நடுவில் ஊசலாடும் குழந்தைக்குச் சின்னதே நல்லது.

கருவியின் உள் அமைப்பும் உடம்பைத் தொடுகிறது. விரல் பலகையின் கீழ் முனையில் தந்திகள் நிற்கும் உயரம், மேற்கத்திய அமைப்பில் மிக மெல்லிய தந்திக்குச் சுமார் 3.5 மில்லிமீட்டர், மிகத் தடித்ததற்குச் சுமார் 5.5 மில்லிமீட்டர். இதற்கு மேல் போனால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் விரல் கூடுதலாக அழுத்த வேண்டும். புதிதாக வாங்கிய மலிவு வயலின்களில், தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரை சீவப்படாமல் உயரமாகவே நிற்பது சகஜம். கற்பவரோ தன் விரலுக்கு வலு இல்லை என்று நினைத்துக்கொள்கிறார். குதிரையைத் தேர்ந்த ஆசாரியிடம் கொடுத்துச் சீவினால் ஒரு நாளில் தீரும் விஷயம் அது. மழைக்காலத்தில் மரம் ஈரத்தை வாங்கிப் பருப்பதால் தந்தி உயரம் சற்று ஏறும். டிசம்பர் கச்சேரிக் காலத்தில் வயலின் திடீரென்று கடினமாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். கர்நாடக வயலின் ச-ப-ச-ப என்று, பாடுபவரின் கட்டைக்கேற்பப் பெரும்பாலும் தாழ்த்திச் சுருதி சேர்க்கப்படுவதால் தந்திகள் தளர்ந்திருக்கும். தளர்ந்த தந்தி விரலுக்கு மிருது. ஆனால் அகலமாக அதிர்வதால் பலகையில் உரசி இரையும். தாழ்ந்த சுருதிக்குத் தடித்த தந்தி போட்டுக்கொள்வதே வழி.

முழு அளவு வில் எல்லாக் கைக்கும் ஒரே நீளம், சுமார் 74 சென்டிமீட்டர். எடை 60 கிராமை ஒட்டி. கை குட்டையானவர் நுனிவரை இழுக்க முயன்றால் வலது தோள் பின்னால் போகும், வில் குதிரைக்கு இணையாக ஓடாமல் வளையும். அவர் நுனியில் நான்கு விரல்கிடை விட்டுவிட்டு வாசிப்பதில் குறையொன்றும் இல்லை. வில்லைப் பிடிக்கும் கட்டைவிரல் மடங்கியிருக்க வேண்டும்; அது நேராக விறைத்தால் முன்கை முழுதும் விறைக்கும்.

பெரிய வாசிப்பாளர்களுக்கும் இந்தத் தொல்லைகள் வந்திருக்கின்றன. யெஹுதி மெனுஹின் சிறுவயதிலேயே உலகப் புகழ் பெற்றவர். நடுவயதில் உடம்பின் இறுக்கம் அவர் வில்லைத் தடுமாற வைத்தது. 1952இல் இந்தியா வந்தபோது பி.கே.எஸ். ஐயங்காரைச் சந்தித்து அவரிடம் யோகம் கற்றார். பின்னர் ஐயங்காருக்கு அவர் அளித்த கைக்கடிகாரத்தில், தம் சிறந்த வயலின் ஆசிரியர் என்று பொறித்திருந்தார். ஐயங்கார் வயலின் வாசித்தவர் அல்லர்.

வலி எங்கே வருகிறது என்பது காரணத்தையும் சேர்த்தே சொல்லும். இடது தோளின் மேல்புறம் வலித்தால் தோள் தூக்கப்படுகிறது. சின் ரெஸ்டின் உயரத்தைப் பார்க்க வேண்டும். காதுக்கு முன்னே தாடை மூட்டில் வலியோ சொடுக்கோ வந்தால் தாடை கடித்துப் பிடிக்கிறது. தாடைக்குக் கீழே கழுத்துத் தோல் கறுத்துத் தடிப்பது மேற்கத்திய முறையில் வாசிப்போரிடம் காணப்படும் பழைய அடையாளம். உராய்வும் வியர்வையும் காரணம், சிலருக்குச் சின் ரெஸ்டின் கொக்கியிலுள்ள நிக்கல் உலோகத்தால் வரும் ஒவ்வாமை. மெல்லிய பருத்தித் துணி விரித்து வாசித்தாலே பெரும்பாலும் அடங்கும். இடது மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போனால் முழங்கையில் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். அதைப் பிடியை மாற்றிப் பார்த்துக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தரையில் அமர்பவருக்கு வலது கால் மரப்பது சகஜம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து காலை நீட்டினால் போகும். எழுந்த பிறகும் நெடுநேரம் உணர்ச்சி திரும்பவில்லை என்றால் அது வெறும் மரப்பு அல்ல.

வயது ஏறி முழங்கால் மடங்காத நிலை வரும்போது கர்நாடக வயலின்காரர்களின் முன்னே இருப்பவை இரண்டு வழிகள். தாழ்வான மேடையில் அமர்ந்து, இடது காலைத் தொங்கவிட்டு, வலது பாதத்தை மட்டும் மேடையில் வைத்துப் பழைய பிடியைக் காப்பாற்றுவது ஒன்று. நாற்காலிக்கு மாறித் தாடைப் பிடியைக் கற்றுக்கொள்வது மற்றது. அந்தப் பிடியில் கமகம் வராது என்பதும் சரியல்ல: வி.எஸ். நரசிம்மன் அமைத்த மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் நாற்காலியில் அமர்ந்து, தாடைப் பிடியிலேயே கீர்த்தனைகளை வாசித்திருக்கிறது. அப்படி மாறுபவருக்குச் சின் ரெஸ்டும் ஷோல்டர் ரெஸ்டும் அலங்காரமாக இருக்க முடியாது. இறங்கும் ஜாருக்களைப் பாதத்துக்குப் பதில் இனி தாங்கப் போவது அவைதாம் என்பதால், மேற்கத்திய இசை வாசிப்பவரைவிட அவருக்கு அவற்றின் உயரமும் கோணமும் இன்னும் துல்லியமாக அமைய வேண்டும்.